கூப்பனை நேர்மையாகப் பயன்படுத்துவது எப்படி?

கூப்பன் குறியீட்டை இடுவதற்கு முன், அதன் கீழே பொடி எழுத்தில் இருக்கும் நிபந்தனைகளை முழுவதும் படித்துவிடுங்கள். குறைந்தபட்சத் தொகையையும் கடைசித் தேதியையும் எல்லோரும் பார்த்துவிடுகிறோம். ‘ஒருவருக்கு ஒருமுறை’, ‘புதிய வாடிக்கையாளருக்கு மட்டும்’ என்னும் வரிகளைத்தான் பார்த்தும் பாராததுபோல் கடந்துவிடுகிறோம்.

புதிய வாடிக்கையாளர் சலுகையில்தான் பலரும் சறுக்குகிறார்கள். உணவுச் செயலியின் முதல் ஆர்டர் தள்ளுபடிக்காகத் தாத்தாவின் பட்டன் ஃபோன் எண்ணில் கணக்குத் தொடங்க, அவர் மூக்குக் கண்ணாடியைத் தேடி எடுத்து மாட்டிக்கொண்டு ஓடிபி எண்களை ஒவ்வொன்றாகப் படித்துச் சொல்வது பல வீடுகளில் நடப்பதுதான். என் வீட்டிலும் நடந்திருக்கிறது. அதே வீட்டில் மனைவி தன் பயன்பாட்டுக்கென்று கணக்குத் தொடங்கினால் அதில் தவறில்லை, ஏனெனில் அவர் மெய்யாகவே புதியவர். எது நேர்மை என்ற ஐயம் வந்தால், தொடங்கும் கணக்கை அடுத்த மாதம் யாராவது திறப்பார்களா என்று கேட்டுப் பாருங்கள், விடை தெரிந்துவிடும். ‘பெரிய நிறுவனம்தானே, போனால் போகிறது’ என்று சமாதானம் சொல்லிக்கொள்வதும் எப்போதும் பொருந்தாது. உணவுச் செயலிகளின் பல சலுகைகளில் தள்ளுபடித் தொகையின் ஒரு பகுதியையோ முழுவதையுமோ சமைத்துக் கொடுக்கும் உணவகமே ஏற்கிறது.

குறைந்தபட்சத் தொகையை எட்டுவதற்காக 150 ரூபாய்க்குக் காலுறையையும் சேர்த்து வாங்கி, சட்டையை மட்டும் வைத்துக்கொண்டு காலுறையைத் திருப்பி அனுப்புவது இன்னொரு தந்திரம். அளவு பொருந்தாமல் திருப்புவது உங்கள் உரிமை. திருப்பும் எண்ணத்தோடே வாங்குவது அப்படியல்ல. பல தளங்கள் இதை அறிந்து, தள்ளுபடியில் அந்தப் பொருளுக்குரிய பங்கைக் கழித்துக்கொண்டே பணத்தைத் திருப்புகின்றன.

கடையில் நேரில் கொடுப்பதானால், பில் போடுவதற்கு முன்பே கூப்பனைக் காட்டுங்கள். தேதி முடிந்த கூப்பனை ஏற்கச் சொல்லிக் கல்லாவில் இருப்பவரை நெருக்காதீர்கள். மாலையில் கணக்கு இடித்தால் பதில் சொல்ல வேண்டியவர் அவர்தான்.

இவற்றுக்கு உட்பட்டுக் கிடைக்கும் சலுகையைக் கடைசி ரூபாய் வரை பயன்படுத்துவதில் கூச்சம் வேண்டாம். வங்கி அட்டைத் தள்ளுபடியையும் கடைக் கூப்பனையும் ஒரே பில்லில் சேர்க்கத் தளமே இடம் கொடுத்தால் சேர்த்துக்கொள்ளலாம். விற்பவர் கணக்குப் பார்த்துத்தான் அதை அறிவித்திருக்கிறார். நேர்மையாக நடக்கும் கடமை அவருக்கும் உண்டு. ‘இன்னும் 5 நிமிடமே’ என்று பொய்யாக அவசரப்படுத்துவதும், கேட்காத பொருளைக் கூடையில் சேர்ப்பதும் 2023 நவம்பரில் இந்தியாவில் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் தடை செய்த 13 ஏமாற்று உத்திகளில் அடங்கும். அப்படி நேர்ந்தாலோ, அறிவித்த சலுகையைப் பில்லில் மறுத்தாலோ, திரையைப் படம் பிடித்து வைத்துக்கொண்டு தேசிய நுகர்வோர் உதவி எண்ணான 1915-ஐ அழையுங்கள்.