மடக்குக்கத்தியும் தோட்டத்துச் சாப்பாடும்: வாங்குவது, பழக்குவது, பரிசளிப்பது

பரிஸில் எங்கள் தமிழ் ஆக்கள் கனபேர் உணவகக் குசினியில்தான் வேலை செய்கிறோம். அதனால் கத்தியைப் பற்றி எங்களுக்கு யாரும் புதிதாகச் சொல்லித் தரத் தேவையில்லை என்றொரு நினைப்பும் இருக்கிறது. ஆனால் குசினிக் கத்தி சமைக்கிறவனுக்கு, மடக்குக்கத்தி சாப்பிடுகிறவனுக்கு. இந்த ஊரில் ஒரு வயதான மனிதரோடு சிநேகிதமாக வேண்டுமென்றால், அவர் பொக்கற்றுக்குள் இருந்து கத்தியை எடுத்து மேசையில் வைக்கும்போது நீங்களும் ஒன்றை எடுத்து வைக்க வேண்டும். பாதிக் கதை அங்கேயே தொடங்கிவிடும்.

எனக்கு இதெல்லாம் பழக்கமானது புறநகரில் உள்ள தொழிலாளர் தோட்டத்தில். 1896இல் லெமிர் என்ற பாதிரியார் தொழிலாளர் குடும்பங்களுக்கு ஆளுக்கொரு துண்டு நிலம் வேண்டுமென்று தொடங்கிய இயக்கத்தின் வழியில் வந்த தோட்டங்கள் இவை. என் பாத்திக்கு இடதுபக்கம் பிரான்ஸின் தெற்கு நடுப்பகுதியில் உள்ள ஒப்ராக் மேட்டு நிலத்தில் பிறந்து ரயில்வேயில் ஓய்வுபெற்ற ஒருவர். வலதுபக்கம் ஒரு போர்த்துக்கேய அம்மா. ஞாயிறு பதினொரு மணிக்கு மண்வெட்டியைக் கீழே வைத்துவிட்டு, கொட்டிலுக்கு முன்னால் ஒரு பலகையைப் போட்டு உட்காருவோம். கோப்பையும் இல்லை, முள்ளுக்கரண்டியும் இல்லை. பாண், சீஸ், முள்ளங்கி, உப்பு, அவரவர் கத்தி.

முதல் கத்தி

முதலில் ஒப்பினல் என்ற மரப்பிடி மடக்குக்கத்தியில் எட்டாம் நம்பரை வாங்குங்கள். யோசித்துக் குழம்பத் தேவையில்லை. பதினைந்து யூரோ அளவில் கிடைக்கும், தொலைந்தால் அழவும் வேண்டாம். ஆல்ப்ஸின் சவோய் மலைப்பக்கத்தில் கருவி அடிக்கும் குடும்பத்தில் பிறந்த ஜோசப் ஒப்பினல் 1890இல் செய்யத் தொடங்கியது. 1897இல் 1 தொடக்கம் 12 வரை அளவுகளுக்கு நம்பர் வைத்தார். பிறகு 1ஐயும் 11ஐயும் நிறுத்திவிட்டார்கள். எட்டாம் நம்பரின் அலகு எட்டரை சென்ரிமீற்றர். பாணுக்கும் பழத்துக்கும் அது போதும். அலகில் கிரீடம் வைத்த ஒரு கை பொறித்திருக்கும். கிரீடம் சவோய் பிரபுக்களுடையது, கை அந்தப் பக்கத்து ஊரான சான் ஜோன் து மோரியனின் சின்னம். கழுத்தில் சுழலும் வளையம் 1955இல் வந்தது. கத்தியைத் திறந்தவுடன் அதைத் திருப்பிப் பூட்டிவிடுங்கள், விரல் தப்பும்.

கடையில் இரண்டு வகை வைத்திருப்பார்கள்: கறள் பிடிக்காத இனொக்ஸ், கறள் பிடிக்கும் கார்பன். நான் கார்பன் பக்கம். கெதியாகக் கூர் வரும், போகப்போக அலகு நிறம் மாறி உங்களுடைய கத்தியாகவே ஆகிவிடும். கழுவித் துடைக்கப் பஞ்சிப்படுகிறவர்கள் இனொக்ஸ் வாங்கட்டும், அதில் ஒரு குறையும் இல்லை.

என்னிடம் இரண்டு இருக்கின்றன. காரணம் என் மனைவி. சோசிசோன் என்ற உலர்ந்த இறைச்சிச் சொசேஜை வெட்டிய கத்தி வெள்ளிக்கிழமை சைவச் சாப்பாட்டுக்குக் கிட்டவும் வரக்கூடாது என்பது அவருடைய சட்டம். மரக்கறிக் கத்தியின் பிடியில் ஒரு சிவப்பு நூல் கட்டியிருக்கிறது. ஒப்ராக்காரர் இதைக் கேட்டுச் சிரிக்கவில்லை. தன் தாயும் பெரிய வெள்ளியன்று இறைச்சிக் கத்தியை லாச்சிக்குள் வைத்துப் பூட்டுவார் என்றார்.

லயோல்

ஒப்ராக்காரருடைய கத்தி லயோல். ஒப்ராக்கில் உள்ள அதே பெயர் கொண்ட சிறிய ஊரில் 1829 முதல் செய்கிறார்கள். ஒடுக்கமான இடுப்பும், அலகை அழுத்திப் பிடிக்கும் முதுகுவில்லின் தலையில் ஒரு தேனீயும் இருக்கும். சிலர் அதை ஈ என்பார்கள். நெப்போலியன் கொடுத்த சின்னம் என்று யாராவது சொன்னால் தலையாட்டிவிட்டு நம்பாமல் இருங்கள். பிடியில் சிறிய ஆணிகளால் சிலுவை பதித்திருப்பார்கள். மலையில் தனியாக நிற்கும் மேய்ப்பன் கத்தியைப் பாணில் குத்தி நிறுத்தி, அந்தச் சிலுவைக்கு முன்னால் செபம் சொல்லுவான் என்பது கதை.

எனக்குப் பிடித்தது அந்தக் கத்தியில் பின்னால் சேர்ந்த துண்டுகள்தான். 1840 அளவில் ஒரு குத்தூசி சேர்ந்தது. ஈரப்புல்லை மேய்ந்து வயிறு ஊதிய மாட்டின் விலாப்பக்கம் குத்திக் காற்றை வெளியேற்ற அது உதவியது. 1880இல் போத்தல் தக்கை திறக்கும் திருகு சேர்ந்தது. ஏனென்றால் அந்த மலை ஆக்கள் பஞ்சம் பிழைக்கப் பரிஸுக்கு வந்து, தண்ணீர் சுமந்து, கரி விற்று, பிறகு கஃபே திறந்து வைன் ஊற்றத் தொடங்கியிருந்தார்கள். இதை ஒப்ராக்காரர் எனக்குச் சொன்னபோது, நான் வேலை செய்த முதல் உணவகத்தில் பாத்திரம் கழுவிய கதையை அவருக்குச் சொன்னேன். அன்றைக்குச் சீஸ் முடிந்த பிறகும் நாங்கள் எழும்பவில்லை.

வாங்கும்போது ஒன்றைக் கவனியுங்கள். லயோல் என்ற பெயர் பொறித்ததெல்லாம் அந்த ஊர்க் கத்தி அல்ல. பாகிஸ்தானிலும் சீனாவிலும் செய்து சந்தையில் பத்து யூரோவுக்கு விற்பதிலும் அதே தேனீ இருக்கும். செய்த இடம் லயோல் ஊரா, தியேர் ஊரா என்று கேளுங்கள். தியேர் என்றால் குறைவாக நினைக்க வேண்டாம். பிரான்ஸின் கத்திப் பட்டணமே அதுதான். துரோல் ஆற்றங்கரைப் பட்டறைகளில் சாணைக்காரர்கள் பலகையில் குப்புறப் படுத்துக்கொண்டு, குளிருக்குக் கால்களின் மேல் நாயைப் படுக்கவைத்து வேலை செய்த ஊர் அது. கத்தியைக் கையில் எடுத்தால் வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பாருங்கள். வில்லுக்கும் பக்கத் தகட்டுக்கும் நடுவில் ஒளிக்கீற்றுத் தெரிந்தால் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். மூடினால் அலகு இரண்டு பக்கமும் முட்டாமல் நடுவில் இறங்க வேண்டும். நல்லது நூறு யூரோவைத் தாண்டும்.

லயோலை மூடுகிற முறை வேறு. இதில் பூட்டு இல்லை, முதுகுவில் மட்டும்தான். அலகை விட்டுவிட்டால் டக்கென்று உள்ளே அடித்து, கூர்வாய் வில்லில் மோதி ஓரிடத்தில் மொட்டையாகிவிடும். அலகின் முதுகில் உள்ளங்கையை வைத்து, கடைசிவரை கூடவே போய் மெதுவாக இறக்குங்கள். புதிதாக வந்தவன் டக்கென்று மூடினால் எங்கள் பலகையில் எல்லோரும் ஒருமிக்க நாக்கைச் சப்புக்கொட்டுவோம்.

கார்பன் அலகைப் பழக்குவது

புது அலகு கண்ணாடி மாதிரி வெள்ளையாக இருக்கும். முதல் அப்பிளை வெட்டினால் பழமும் கறுக்கும், வாயில் இரும்பு வாசமும் வரும். பயப்பட வேண்டாம். புளிப்பும் இரும்பும் சேர்ந்து அலகின் மேல் ஒரு கரும்படலம் பிடிக்கிறது. அது பிடித்த பிறகு செங்கறள் கெதியில் வராது, வாசமும் குறைந்துவிடும். சிலர் வினாகிரியில் ஊறவைத்தோ கடுகுக் களி பூசியோ ஒரே நாளில் கறுப்பாக்குவார்கள். எனக்கு அந்த அவசரம் பிடிக்காது. சாப்பிட்டே பழக்க வேண்டும். சுடுகின்ற இறைச்சி நீலம் கொடுக்கும், வெங்காயம் சாம்பல் நிறம் கொடுக்கும்.

என் அலகில் வேலை செய்தது மாங்காய். கோடையில் பரிஸின் தமிழ்க் கடைத்தெருவான லா சப்பலில் உள்ள கடைகளில் பெட்டிப் பெட்டியாக வந்து இறங்கும்போது, பழுக்காத புளிக்காயாகத் தேடி எடுத்துத் தோட்டத்துக்குக் கொண்டுபோவேன். நீளக் கீற்றாக வெட்டி, உப்பும் தூளும் தொட்டு நீட்டுவேன். முதல் தரம் ஒப்ராக்காரர் இருமி இருமிக் கண்ணீர் விட்டார். அடுத்த கிழமை அவரே தூள் கொண்டுவந்தாயா என்று கேட்டார். அலகில் மாங்காய்ச் சாறு நின்ற கோடுவரை நீலமும் ஊதாவும் கலந்து ஏறியிருக்கிறது. அந்தக் கோட்டுக்கு மேலே இன்னும் வெள்ளைதான்.

வெட்டி முடிந்ததும் லேஞ்சியாலோ பாண் துண்டாலோ துடைத்துவிடுங்கள். பாண் துண்டு என்றால் துடைத்துவிட்டுச் சாப்பிடலாம். அலகை நக்குவது மட்டும் வேண்டாம், போர்த்துக்கேய அம்மா கையில் அடிப்பார். வீட்டுக்கு வந்து குழாய்த் தண்ணீரில் அலகை மட்டும் காட்டி உடனே உலர்த்துங்கள். பாத்திரம் கழுவும் மெஷினுக்குள் ஒருபோதும் போடாதீர்கள், மரப்பிடி வெடித்துவிடும்.

எண்ணெய் விஷயத்தில் எங்கள் ஆக்கள் நல்லெண்ணெய்க்குத்தான் கை வைப்பார்கள். அது நாளடைவில் பசையாகி மூட்டைப் பிடித்துக்கொள்ளும். தேங்காயெண்ணெய் பரிஸ் குளிரில் உறைந்துவிடும். மருந்துக்கடையில் மலச்சிக்கலுக்கு விற்கிற பரபின் எண்ணெய் ஒரு போத்தல் வாங்குங்கள். வாயில் பட்டாலும் பிரச்சினை இல்லை, வருடக்கணக்கில் காணும். மூட்டில் ஒரு சொட்டு, அலகில் ஒரு தடவு. பொக்கற்றுத் தும்பு பிடிக்குள் சேர்ந்தால் பல்லுக்குத்தும் குச்சியால் கிண்டி எடுங்கள்.

ஒப்பினலின் பீச் மரப்பிடி ஈரத்தில் ஊதி அலகை இறுக்கிப் பிடிக்கும். நகத்தால் இழுத்து நகத்தை உடைக்காதீர்கள். வளையத்தைத் திறந்த நிலைக்குத் திருப்பி, பிடியின் வால்முனையைப் பலகையில் ஒரு தட்டுத் தட்டினால் அலகின் நுனி வெளியே எட்டிப் பார்க்கும். சவோய்க்காரனின் தட்டு என்று இதற்கே ஒரு பெயர் இருக்கிறது. அடிக்கடி இறுகினால், பிடியை ஹீற்றரில் வைக்காமல் தானாகக் காயவிட்டு, பிளவுக்குள் மடித்த மண்கடதாசியால் கொஞ்சம் தேயுங்கள்.

தீட்டுவது

கத்தி தீட்டும் ஆயிரம் நம்பர்க் கல் ஒன்று போதும். கல்லை நனைத்து அலகைச் செங்குத்தாக நிறுத்துங்கள். அதில் பாதிக்குச் சாய்த்துவிடுங்கள், பிறகு அதிலும் பாதி. அதற்குச் சற்றுக் கீழே போனால் இருபது பாகை, அதுதான் வேண்டிய சாய்வு. அடியிலிருந்து நுனிவரை இழுங்கள். அழுத்தத் தேவையில்லை. மறுபக்கத்தில் விரலைக் குறுக்கே மெல்லத் தடவினால் ஒரு சிறு பிசிறு தட்டுப்படும். அது நீளம் முழுக்க வந்தால்தான் அடுத்த பக்கம் திருப்ப வேண்டும். கனபேர் இந்தப் பிசிறு வருமுன்பே திருப்பித் திருப்பித் தேய்த்து, கல் சரியில்லை என்பார்கள். கடைசியில் பழைய தோல்பெல்ட்டில் அலகின் முதுகு முன்னால் போகிற மாதிரி இழுங்கள். தக்காளித் தோலில் வைத்தவுடன் தானாக இறங்கினால் சரி.

பலகையில் ஒருவர் கத்தியை மற்றவர் தீட்டிக் கொடுப்பது பெரிய அன்பு. ஆனால் கேட்காமல் தீட்டக் கூடாது. சிலருக்குத் தகப்பன் தேய்த்த தேய்ப்பு அப்படியே இருக்க வேண்டும்.

வெளியே கொண்டுபோவது

இதை மட்டும் விளையாட்டாக எடுக்க வேண்டாம். பிரான்ஸின் சட்டத்தில் மடக்குக்கத்தியும் டி என்ற பிரிவில் வரும் ஆயுதம். தகுந்த காரணமில்லாமல் கொண்டு திரிந்தால் ஒரு வருடச் சிறை, 15,000 யூரோ தண்டம் வரை போகலாம். தோட்டத்துக்குக் கூடையோடு போகிறவனுக்குக் காரணம் இருக்கிறது. சனிக்கிழமை இரவு மெற்றோவில் நிற்கிறவனுக்கு இல்லை. நான் கத்தியைப் பாணும் சீஸும் உள்ள பையின் அடியில் வைத்துத்தான் கொண்டுபோவேன். லண்டனுக்குக் கலியாணவீட்டுக்குப் போகிறவர்கள் வீட்டில் விட்டுவிட்டுப் போங்கள். அங்கே பூட்டு இல்லாத, மூன்று அங்குலத்துக்கு மேற்படாத மடக்குக்கத்திக்குத்தான் தாராளம். ஒப்பினலின் வளையம் பூட்டாகக் கணக்காகும்.

மேசை முறையும் பரிசும்

கத்தியைக் கைமாற்றும்போது மூடியே கொடுங்கள். ஒருவர் தன் கத்தியைப் பார்க்கத் தந்தால் முதலில் பிடியைப் பாருங்கள், எந்த மரம், எந்தக் கொம்பு என்று கேளுங்கள், அப்புறம்தான் திறப்பது. ஊரில் வெற்றிலைத் தட்டத்தைச் சுற்றிப் பாக்குவெட்டி கைமாறிய மாதிரித்தான் இதுவும். கருவி சுற்றுகிற வரைக்கும் கதையும் சுற்றும். முக்கோணச் சீஸின் மூக்கை வெட்டிக்கொண்டு போகாதீர்கள், நடுவின் ருசி முழுக்க அங்கேதான், எல்லோருக்கும் பங்கு வருகிற மாதிரி நீளவாக்கில் வெட்டுங்கள். ஒப்ராக்காரரின் வீட்டில் பெரியவர் கத்தியை மூடினால் சாப்பாடு முடிந்தது என்று அர்த்தமாம். பிள்ளைகள் வாயில் இருந்ததோடு எழும்ப வேண்டியதுதான். எங்கள் பலகையில் அவரே கடைசியாக மூடுகிறவர்.

பரிசாகக் கத்தி கொடுத்தால் வாங்குகிறவர் ஒரு நாணயம் திருப்பித் தர வேண்டும். சும்மா வாங்கினால் கத்தி சிநேகிதத்தை வெட்டிவிடும் என்பது இங்கத்தை நம்பிக்கை. எங்கள் ஆக்களுக்கு இது தெரியாது, பரிசுக்குக் காசு கேட்பது வெட்கமாகவும் இருக்கும். ஆகவே பெட்டிக்குள் நீங்களே ஒரு சிறு நாணயத்தை ஒட்டி வைத்துக் கொடுங்கள். திறந்தவர் அதைப் பிடுங்கி உங்களிடமே தந்துவிட்டால் கணக்குச் சரி. இரண்டு சென்ட் போதும். என் மருமகன் ஐம்பது யூரோத் தாளை நீட்டினான், மிச்சக்காசு கொடுக்க என்னிடம் சில்லறை இருக்கவில்லை.