டெனர்ஸுக்கும் ட்ரம் செட்டுக்கும் ஹெட் எப்படி பாத்து எடுக்கறது

ட்ரம்மோட ஹெட்டை, அதாவது ட்ரம்முல இழுத்து மாட்டற பிளாஸ்டிக் ஃபிலிம் தோலை, மாத்தணும்னு முடிவு பண்ணதும் எல்லாரும் முதல்ல கேக்குறது எந்த பிராண்ட் நல்லதுன்னு தான், அதை கடைசியா பாத்துக்கலாம், ரெமோவும் எவான்ஸும் ரெண்டு பேருமே நல்லாத்தான் பண்றாங்க. முதல்ல பாக்க வேண்டியது, ட்ரம்முக்கு அடியில இன்னொரு ஹெட் இருக்கா, மேல இருக்கறதை எவ்வளவு டைட்டா ஏத்தப் போறீங்க, இந்த ரெண்டும் தான்.

மார்ச்சிங் டெனர்ஸ்ல, அதாவது பேண்டுல நடந்துக்கிட்டே வாசிக்க உடம்புல மாட்டிக்கற ட்ரம் செட்ல, அடி ஹெட்டே கிடையாது. ஷெல்லோட (ட்ரம் கூட்டோட) கீழ்ப்பக்கம் சாய்வா வெட்டி திறந்து விட்டிருப்பாங்க, சத்தம் முன்னாடி ஆடியன்ஸ் பக்கம் போகட்டும்னு. அதனால சுருதி, சத்தம், அடியோட தெளிவு எல்லாமே அந்த ஒரே ஹெட் மேல தான் விழுது, போதாததுக்கு திறந்தவெளியில கேக்கணும்னு செம டைட்டா வேற ஏத்துவோம், மேலட்டால (குண்டுத் தலை குச்சியால) அடி வேற பலமா விழும். இதுக்கு ஒரு லேயர் ஹெட் தாங்காது, சீக்கிரமே குழி விழுந்துடும். ரெண்டு லேயர் கிளியர் (பூச்சு இல்லாதது) தான் எடுக்கணும். ரெமோல கிளியர் எம்பரர் இல்லன்னா பின்ஸ்ட்ரைப், எவான்ஸ்ல எம்எக்ஸ் சீரிஸ்ல டெனர் ஹெட் இருக்கு. பின்ஸ்ட்ரைப்ல ஓரத்துல ரெண்டு லேயரையும் ஒட்டியிருப்பாங்க, அது தேவையில்லாத ரீங்காரத்தை அமுக்கிடும், வேகமா ட்ரம் மாத்தி மாத்தி வாசிக்கறப்ப ஒவ்வொரு அடியும் தனியா கேக்கும். எம்பரர் கொஞ்சம் திறந்த சத்தம், சுருதி நல்லா பாடும். என்னைக் கேட்டா நிறைய டெனர் பிளேயர் இருக்கற பெரிய லைனுக்கு பின்ஸ்ட்ரைப், ஒரே ஒரு டெனர் பிளேயர் இருக்கற சின்ன குரூப்புக்கு எம்பரர்.

இங்க தான் நிறைய பேர் காசை விடறாங்க. ட்ரம் செட்டுக்கு வர்ற 12 இன்ச் எம்பரரும் மார்ச்சிங்குக்கு வர்ற 12 இன்ச் எம்பரரும் பேரு ஒண்ணு, ஆனா ஓரத்துல இருக்கற அலுமினிய வளையம் வேற. செட் ஹெட்ல ஃபிலிமை பசை ஊத்தி வளையத்துல புடிக்க வச்சிருப்பாங்க, டெனர்ஸ் அளவுக்கு டைட் பண்ணா கொஞ்சம் கொஞ்சமா உருவி வரும், நீங்க ட்யூனிங் கீயைத் திருப்பிக்கிட்டே இருப்பீங்க, சுருதி மட்டும் ஏறவே ஏறாது. மார்ச்சிங்குக்கு ரெமோ பண்ற கிரிம்ப்லாக்ல ஃபிலிமை உலோகத்தோட சேத்து நசுக்கி புடிச்சிருப்பாங்க, அது நகராது. அதனால பாக்கெட்ல கிரிம்ப்லாக்னு இருக்கான்னு பாத்து வாங்குங்க. அப்புறம் ஸ்நேர் (அடியில கம்பி கட்டின ட்ரம்) லைன்ல போடற கெவ்லார் நார் ஹெட்டை டெனர்ஸுக்கு கொண்டு வராதீங்க, கட்டையில அடிச்ச மாதிரி இருக்கும், சுருதியே வராது.

ட்ரம் செட் கதை வேற. மேல கீழ ரெண்டு ஹெட், ரெண்டும் சேந்து தான் சத்தம். ஸ்நேருக்கு மேல கோட்டட் (சொரசொரப்பா பூச்சு போட்டது) 10 மில் ஒரு லேயர், அதாவது ரெமோ அம்பாஸடர் இல்லன்னா எவான்ஸ் ஜி1, இது எந்த ஸ்டைலுக்கும் ஒத்து வரும் (ஒரு மில்னா இன்ச்ல 1000-ல ஒரு பங்கு). பிரஷ் வாசிக்கறவங்களுக்கு கோட்டட் மாதிரி சொரசொரப்பான ஹெட் தான் வேணும், வழவழப்பான கிளியர் மேல பிரஷ் தேச்சா சத்தம் சரியா வராது. ஸ்நேர் அடியில போறது அதுக்குன்னே வர்ற மெல்லிசு ஹெட், வழக்கமா 3 மில், அங்க சாதா டாம் (கம்பி இல்லாத ட்ரம்) ஹெட்டை மாட்டிட்டா கம்பி சரியா பேசாது. டாமுக்கு பலமா அடிக்கறவங்க மேல ரெண்டு லேயர் எம்பரர் இல்லன்னா எவான்ஸ் ஜி2, ஜாஸ் மாதிரி மெதுவா வாசிக்கறவங்க அம்பாஸடர், கீழ ரெண்டு பேருக்குமே ஒரு லேயர் கிளியர் போதும். பாஸ் ட்ரம்முக்கு ஓரத்துல டேம்பிங் வளையம் வச்ச பவர்ஸ்ட்ரோக் 3 இல்ல ஈமேட் போட்டா உள்ள தலகாணி திணிக்கற வேலை பெரும்பாலும் மிச்சம்.

சைஸ் அளக்கறப்ப ரிம்மை (ஹெட்டை அமுக்கிப் புடிக்கற வெளி வளையத்தை) சேக்காதீங்க, ரிம்மை கழட்டிட்டு ஷெல்லை மட்டும் குறுக்க அளங்க. மாட்டறதுக்கு முன்னாடி ஷெல் விளிம்புல விரலை ஒரு சுத்து ஓட்டிப் பாருங்க, எங்கயாவது பள்ளம் தட்டுப்பட்டா எந்த ஹெட் போட்டாலும் அந்த இடத்துல சுருதி நிக்காது. ரிம்மை இறுக்கற எல்லா ராடையும் (ஸ்க்ரூவையும்) முதல்ல கையாலயே டைட் பண்ணிட்டு அப்புறம் கீயால எதிரெதிரா கொஞ்சம் கொஞ்சமா ஏத்துங்க, ஒவ்வொரு ராடுக்கும் பக்கத்துல ஓரத்துலேர்ந்து ஒரு இன்ச் உள்ள தட்டி ஒரே சுருதியான்னு கேட்டுக்கிட்டே போங்க. புது ஹெட் நீளும், மறுநாள் இறங்கியிருக்கும், திரும்ப ஏத்தணும். டெனர்ஸை ஷோ அன்னிக்கு காலையில மாத்தாதீங்க, ரெண்டு மூணு நாள் முன்னாடியே மாத்தி வாசிச்சு பழக்கிடுங்க.