எல்லா வரியையும் ஒரே நேரத்தில் திருத்த

நோட்பேட் பிளஸ் பிளஸ் என்ற உரை எடிட்டரில் ஆல்ட், ஷிஃப்ட் இரண்டையும் அழுத்திக்கொண்டு கீழ் அம்புக்குறியைத் தட்டுங்கள். வரிகளின் குறுக்கே நெட்டுக்கு ஒரு கோடு இறங்கும். அப்புறம் நீங்கள் அடிக்கும் எழுத்து அத்தனை வரியிலும் விழும். வலது அம்புக்குறியையும் சேர்த்தால் நடுவிலுள்ள ஒரு நெடுவரிசையை மட்டும் பிடித்து அழிக்கலாம். வரி வரியாகப் பிடிக்காமல், ஒவ்வொரு வரியிலும் அதே இடத்தை எடிட்டர் பிடிப்பதால்தான் இது நடக்கிறது. வரிசை எண் வேண்டுமென்றால் அந்தக் கோட்டிலேயே ஆல்ட், சி அழுத்தி, எண் போடும் தெரிவில் தொடக்க எண்ணையும் கூட்டும் அளவையும் 1 என்று கொடுங்கள். 1, 2, 3 என்று போட்டுவிடும். எனக்கு மிகவும் பயன்படுவது இதுதான்.

ஒரு வரியில் கமா 8ஆவது எழுத்திலும் அடுத்ததில் 11ஆவதிலும் இருந்தால் இது சரிப்படாது. தமிழ் எழுத்துகளின் அகலம் மாறுவதால் தமிழ் வரிகளின் நடுவிலும் வேண்டாம். வரித் தொடக்கத்தில் சரியாக வரும்.