யாழ்ப்பாண மண்ணில் ஒரு மாய நாவல்: இளம் நாயகியின் பயணத்தை எழுதுவது எப்படி

நாயகிக்கு மாயசக்தி கிடைப்பதற்கு முன்பே அவளுக்கு ஒரு குறையையும், அதை அவள் வீட்டாரிடம் மறைப்பதற்கான காரணத்தையும் கொடுத்துவிடுங்கள். குதிரை முகத்தோடு வந்த இளவரசி மாருதப்புரவீகவல்லி, கீரிமலைத் தீர்த்தத்தில் நீராடி அழகிய முகம் பெற்றாள் என்ற ஐதீகம் நம்மிடம் இருக்கும்போது, மாயத்தை அயல்நாட்டுக் கோட்டைகளில் தேடுவது எனக்கு வருத்தமளிக்கிறது.

அடுத்து, மாயத்துக்கு ஒரு விலையை விதியுங்கள்; பெரும்பாலான கையெழுத்துப் பிரதிகள் தளர்வது இங்கேதான். அந்த விலையை நிலத்திலிருந்தே எடுக்கலாம். யாழ்ப்பாணத்து நிலாவரைக் கிணற்றில் மேலே நன்னீரும் ஆழத்தில் உவர்நீரும் இருக்கின்றன. குடாநாட்டின் சுண்ணாம்புக்கல் நிலத்தில் அளவுக்கு மீறி நீர் இறைத்தால் கிணறுகளில் உப்பு ஏறிவிடும். அவளுடைய சக்தியும் அவ்வாறே அமையட்டும்: கோபத்தில் ஒருமுறை அதிகமாக இறைத்துவிட்டு, மறுநாட் காலையில் அயலவரின் கத்தரிக்கன்றுகள் வாடி நிற்பதை அவள் தன் கண்ணாலேயே பார்க்கட்டும்.

துணைப்பாத்திரங்கள் இருவர் போதும்: ஒரு வழிகாட்டியும் நாயகியின் தம்பியும்.

வழிகாட்டியாக முனிவர் வேண்டாம். கிணற்றின் இயல்பை அறிந்த அம்மம்மா ஒருவரை வையுங்கள். அவர் எல்லாவற்றையும் விளக்கிவிடாமல், "இண்டைக்கு இது காணும் பிள்ளை" (இன்றைக்கு இது போதும்) என்று மட்டும் சொல்லி நிறுத்த வேண்டும். அதே சொற்களை இறுதி அத்தியாயத்தில் கிணற்றில் நீர் இறைக்கும் துலாக்கயிற்றைப் பிடித்தபடி நாயகியே தன் தம்பியிடம் சொல்லுமாறு எழுதுங்கள்.