போடி லைன் இன்ஜினுக்கு மோட்டார் செய்யச் சொல்லும் முன்

மதுரையில் முப்பது வருசமாகக் காயில் கட்டுகிறேன். கிணற்று மோட்டார், மாவு மில் மோட்டார், கிரைண்டர், மிக்சி எல்லாம் என் மேசைக்கு வந்து போயிருக்கின்றன. ஆனால் மனசுக்கு நெருக்கமான மோட்டார் சுண்டுவிரல் நுனியளவுதான் இருக்கும். அது ஓடுவது என் வீட்டு மாடி அறையில், 12 மி.மீ. அகலத் தண்டவாளத்தின் மேல், ஒய்டிஎம்-4 என்ற மீட்டர்கேஜ் டீசல் இன்ஜினின் குட்டி மாதிரிக்குள்.

ஊர் உசிலம்பட்டி. மீட்டர்கேஜ் போடி ரயிலின் சத்தத்தில் வளர்ந்தவன். 2010 முடிவோடு அந்த லைனை மூடினார்கள். அகலப்பாதையாகி 2022-ல் தேனி வரையும் 2023-ல் போடி வரையும் ரயில் திரும்ப வந்தது. பழைய இன்ஜின் வரவில்லை. அதை 87-ல் ஒரு பங்காகச் செய்து வைத்திருக்கிறேன். ஆயிரம் மில்லி கேஜை 87-ஆல் வகுத்தால் பதினொன்றரை வரும். 12 மி.மீ. தண்டவாளம் கடையில் கிடைப்பதால் அதையே எடுத்துக்கொண்டேன்.

இந்த அளவில் நம் மீட்டர்கேஜ் டீசலுக்கு மோட்டார் பூட்டிய போகி ரெடிமேடாகக் கிடைக்காது. (ஊரில் பெட்டியைத்தான் போகி என்பார்கள். நான் சொல்வது ரயில்வேக்காரர்கள் சொல்லும் போகி, அதாவது சக்கரங்கள் பூட்டிய அடிவண்டி.) ஜப்பானின் டென்ஷோடோ கம்பெனி செய்யும் ஸ்பட் போன்ற மோட்டார் போகிகள் 16.5 மி.மீ. தண்டவாளத்துக்காக, 26, 31, 35 மி.மீ. போன்ற குறிப்பிட்ட ஆக்ஸில் (சக்கர அச்சு) இடைவெளிகளில்தான் வரும். ஆகவே அளவு கொடுத்துச் செய்து வாங்க வேண்டும். ஆஸ்திரேலியாவிலும் அமெரிக்காவிலும் அப்படிச் செய்து கொடுப்பவர்கள் இருந்திருக்கிறார்கள். செய்பவர் கெட்டிக்காரராகவே இருந்தாலும் நாம் எழுதிக் கொடுத்ததைத்தான் செய்து அனுப்புவார். என் முதல் ஆர்டர் பாழானதற்குக் காரணம் நான் எழுதிய சீட்டு.

மோட்டார் தெரிந்தவன் என்பதால் மோட்டாரில் இருந்து தொடங்கினேன். 12 வோல்ட்டில் நிமிசத்துக்கு 15,000 சுற்று சுற்றும் வலுவான மோட்டார் ஒன்றைக் குறிப்பிட்டு, கியர் 16-க்கு 1 போதும், அதாவது மோட்டார் 16 சுற்றினால் சக்கரம் ஒரு சுற்று, என்று எழுதினேன். வந்ததை ஓட்டிப் பார்த்தால் நின்ற இடத்தில் இருந்து தாவியது. கணக்குப் போட்ட பிறகுதான் புரிந்தது, முழு வோல்ட்டில், பாரத்தோடுகூட, அது நிஜ அளவில் மணிக்கு 136 கிலோமீட்டர் ஓடும் இன்ஜின். ஆண்டிபட்டிக் கணவாயில் மூச்சு வாங்கி ஏறிய இன்ஜினா அது? மூன்று மாதச் சேமிப்பு அலமாரியில் கிடக்கிறது.

அதனால் சக்கரத்தில் இருந்து மேலே ஏறி வாருங்கள். ஒய்டிஎம்-4-ன் சக்கர விட்டம் 965 மி.மீ. 87-ஆல் வகுத்தால் 11.1. ஒரு சுற்றுக்கு 34.8 மி.மீ. நகரும். அதிகபட்சம் என்ன வேகம் வேண்டும் என்று முடிவு செய்யுங்கள். நான் 80 கி.மீ. வைத்தேன். 80 கி.மீ. என்றால் நொடிக்கு 22.2 மீட்டர். 87-ஆல் வகுத்தால் நொடிக்கு 255 மி.மீ. அதை 34.8-ஆல் வகுத்தால் நொடிக்கு ஏழேகால் சுற்றுக்குக் கொஞ்சம் மேல், நிமிசத்துக்கு 440. வெறுமனே 15,000 சுற்றும் மோட்டார் பாரம் ஏறியதும் 12,000-க்கு இறங்கும் என்று வைத்துக்கொள்ளுங்கள். 12,000-ஐ 440-ஆல் வகுத்தால் 27. ஆக, 27-க்கு 1 கியர். இதே மோட்டார் திணறாமல் சுற்றும் குறைந்த வேகம் 1,200 என்றால், 27 கியரில் இன்ஜின் மணிக்கு 8 கி.மீ.யில் ஊரும். என் பழைய 16 கியரில் அந்தக் குறைந்த வேகமே பதின்மூன்றரை. பிளாட்பாரத்தில் நிற்க வரும் ரயில் இந்த இரண்டில் எப்படி வரவேண்டும் என்று கண்ணை மூடிப் பாருங்கள். எனக்கு உச்ச வேகத்தைவிட இந்த ஊரும் வேகம்தான் முக்கியம்.

அகலப்பாதை டீசல் இன்ஜினான டபிள்யூடிஎம்-2 செய்பவர்களுக்கு: சக்கரம் 1,092 மி.மீ., அதாவது 12.55. அதே வழியில் கணக்குப் போடுங்கள்.

27 வேண்டும் என்றால் 27 பல் உள்ள ஒரே வார்ம் கியரைக் கேட்கத் தோன்றும். (வார்ம் என்பது மோட்டார் தண்டில் உள்ள திருகு. அது ஒரு சுற்று சுற்றினால் கியரில் ஒரு பல் நகரும்.) இங்கே இன்னொரு கணக்கு இருக்கிறது. 0.3 மாட்யூல் (பல்லின் பருமனைச் சொல்லும் அளவு) பல்லில் 27 பல் சக்கரத்தின் வெளி விட்டம் 29 பெருக்கல் 0.3, அதாவது 8.7 மி.மீ. நம் சக்கரமோ 11.1. அடியில் தண்டவாள மட்டத்துக்கு மேல் 1.2 மி.மீ.தான் மிஞ்சும். அதில் கியர்பெட்டியின் அடித்தகடும் அடங்க வேண்டும். தண்டவாளம் பிரியும் பாயிண்ட் மேலும் லெவல் கிராசிங் மேலும் போகும்போது உரசும். இன்னும் மெதுவாக ஊர 36 வேண்டும் என்று போனால் ஒரே கியரில் முடியவே முடியாது. இரண்டு கட்டமாக, மேலே ஒரு சின்னக் குறைப்பும் கீழே வார்மும் வைத்துச் செய்யச் சொல்லுங்கள். விலை கூடும். கொடுக்கலாம்.

அடுத்தது ஆக்ஸில் இடைவெளி. அரை மில்லி பிசகினாலும் பக்கவாட்டு பிரேமில் உள்ள ஆக்ஸில் பெட்டிக்கு நேராகச் சக்கரம் நிற்காது. பார்க்கிறவர் கண்ணுக்கு ஏதோ கோணல் என்று படும், எது என்று சொல்லத் தெரியாது. ஆறு சக்கர போகி என்றால் நடு ஆக்ஸில் சரிபாதியில் இருக்கும் என்று எண்ணிவிடாதீர்கள். டபிள்யூடிஎம்-2-ன் டிரைமவுண்ட் போகியில் இரண்டு இடைவெளியும் ஒன்றல்ல. வரைபடம் கிடைக்காவிட்டால், தூரத்தில் நின்று ஜூம் பண்ணி நேர் பக்கவாட்டில் எடுத்த படத்தைப் பெரிதாக்கி, சக்கர விட்டத்தையே அளவுகோலாக வைத்து அளக்கலாம். ஓடிய இன்ஜினின் சக்கரம் தேய்ந்திருக்கும், ஒர்க்‌ஷாப்பில் கடைசலும் பிடித்திருப்பார்கள். படத்தில் தெரிவது புதுச் சக்கரத்தைவிடச் சின்னது என்பதை மனசில் வையுங்கள். கடைசியாக, பாடி செய்து முடித்த பிறகே வெர்னியர் வைத்து அளந்து எழுதுங்கள். நான் பாடியை 3டி பிரிண்ட் எடுக்கும் முன்பே அளவு அனுப்பிய ஆள். பிரிண்ட் ஆறியதும் சுருங்கியது.

12 மி.மீ. தண்டவாளத்தில் இரண்டு சக்கரங்களின் உள்முகங்களுக்கு நடுவே பத்து மில்லிக்குச் சற்று கூட மட்டுமே இடம் இருக்கும். போகிக்குள்ளேயே மோட்டார் உட்கார வேண்டுமானால் அதன் அகலம் 8 மி.மீ.க்குள் அடங்க வேண்டும். மேலே ஹுட்டுக்குள் (இன்ஜினை மூடும் கூட்டுக்குள்) நிற்கவைக்கலாம் என்றால், ஆக்ஸில் மையத்தில் இருந்து எத்தனை மில்லி உயரம் வரை இடம் இருக்கிறது என்று எழுதுங்கள். கேப் பக்கம் போகும் போகிக்கு இந்த உயரம் குறைவு. டிரைவர் நிற்கும் தரை குறுக்கே வரும்.

என் தங்கச்சி மகன் இப்போது ஒரு இன்ஜின் செய்கிறான். போன வாரம் பட்டறையில் உட்கார்ந்து கேட்டான்.

“மாமா, பெரிய மோட்டாரா போட்டா நிறைய பெட்டி இழுக்கும்ல?”

“இழுக்கிறது மோட்டார் இல்ல மாப்ள, கனம்” என்றேன். காகிதத்தில் போட்டுக் காட்டினேன். இன்ஜின் 240 கிராம். ஒரு போகியில் மட்டும் மோட்டார் என்றால் அதன் மேல் நிற்பது 120 கிராம். உலோகச் சக்கரம் உலோகத் தண்டவாளத்தைப் பிடிப்பது சுமார் ஐந்தில் ஒரு பங்கு என்று வைத்தால், இழுவை 24 கிராம். 80 கிராம் பெட்டி ஆறு, மொத்தம் 480. நன்றாக உருளும் பெட்டிக்கு நூற்றுக்கு மூன்று என்று கணக்கிட்டால் சமதளத்தில் 14.4 கிராம் போதும். ஆனால் நாற்பதுக்கு ஒன்று ஏற்றத்தில் இன்ஜினும் சேர்ந்து 720 கிராமும் மேலே ஏற வேண்டும். கூடுதலாக 18 கிராம். மொத்தம் 32.4. சக்கரம் வழுக்கும். எவ்வளவு பெரிய மோட்டாரும் இதை மாற்றாது. கணவாய் ஏற வேண்டும் என்றால் இரண்டு போகியிலும் மோட்டார் வையுங்கள், இழுவை 48 ஆகும். கனம் கூட்ட டயர் கடையில் வீல் பேலன்சுக்கு ஒட்டும் எடைத் துண்டுகளே போதும். ஈயமானால் தொட்ட கையைக் கழுவுங்கள்.

இரண்டு மோட்டார் என்றால் இரண்டையும் ஒரே நாளில், ஒரே வகையில் வாங்குங்கள். வார்ம் கியரைச் சக்கரம் பின்பக்கமிருந்து சுற்ற முடியாது. ஒரு மோட்டார் மெதுவாகச் சுற்றினால் மற்றது அதை இழுத்துக்கொண்டு போகும். இரண்டும் சூடாகும்.

கரண்ட் விசயத்தில் நான் கறார். மோட்டாரைச் சுற்றவிடாமல் பிடித்தால் 12 வோல்ட்டில் எவ்வளவு ஆம்பியர் இழுக்கும் என்று ஆர்டருக்கு முன்பே கேட்டு வாங்குங்கள். ஒன்று 0.4 இழுத்தால் இரண்டு 0.8. டிசிசி டிகோடர், அதாவது தண்டவாளம் வழியே வரும் கட்டளையைப் படித்து மோட்டாரை ஓட்டும் சின்னச் சர்க்யூட், 1 ஆம்பியர் தாங்கினால் சரி. மோட்டாருக்குள் கரண்ட் கொண்டுபோகும் இரண்டு பிரஷ்ஷும் பிரேமில் இருந்து முழுசாகப் பிரிந்திருக்க வேண்டும். பார்சல் வந்ததும் முதலில் மல்டிமீட்டரை வைத்து, பிரஷ்ஷுக்கும் பிரேமுக்கும் இடையே பீப் வருகிறதா என்று பாருங்கள். வந்தால் டிகோடரைத் தொடவே விடாதீர்கள்.

என் இரண்டாவது சீட்டில் எழுதியது இதுதான்: அளவு 1:87. தண்டவாளம் 12. சக்கர விட்டம் 11.1, பிளாஞ்ச் (சக்கரம் தண்டவாளத்தைவிட்டு இறங்காமல் தடுக்கும் விளிம்பு) உயரம் நான் ஓட்டும் தண்டவாளத்துக்கு ஏற்றபடி. வெளி ஆக்ஸில் இரண்டுக்கும் கியர், நடு ஆக்ஸில் பக்கவாட்டில் அசைய வேண்டும், வளைவின் ஆரம் 450 மி.மீ. கியர் 27 அல்லது கொஞ்சம் கூட, குறையக் கூடாது. எல்லாச் சக்கரத்திலும் கரண்ட் எடுக்கும் கம்பி. ஆக்ஸில் மையத்துக்கு மேல் கிடைக்கும் உயரம், திருகு ஓட்டையின் இடம், கூடவே கையால் போட்ட படம். படம் ரொம்ப முக்கியம். மொழி தடுமாறும் இடத்தில் அதுதான் பேசும்.

பார்சலில் உண்மை விலை எழுதிய பில் இருக்கட்டும். சுங்க வரியையும் முதலிலேயே செலவில் சேர்த்துக்கொள்ளுங்கள். தாங்கும் தகடு, பக்கவாட்டு பிரேம் போன்றவற்றை இங்கேயே செய்துகொள்ளலாம். தெற்கு ஆவணி மூல வீதிப் பக்கம் நகைப் பட்டறை வைத்திருக்கும் நண்பர் ஒருவர் எனக்குப் பித்தளை பிரேமைப் பற்றவைத்துக் கொடுத்தார். மோதிரத்துக்குக் கல் பதிக்கிற கைக்கு அது பெரிய வேலை இல்லை.

வந்ததும் பாடியில் பூட்டாமல் மேசையில் வைத்து 3 வோல்ட்டில் முன்னே அரை மணி, பின்னே அரை மணி ஓட்டுங்கள். பேரிங்குக்கு ஊசி நுனியில் ஒரு சொட்டு தையல் மிஷின் எண்ணெய். தேங்காயெண்ணெய் ஆகவே ஆகாது, பிசினாகிவிடும். பிறகு, கிணற்று மோட்டாருக்கு ஸ்குரூடிரைவரைக் காதில் வைத்துக் கேட்பது போல, இதற்குத் தென்னை ஈர்க்குச்சி. ஒரு முனையை கியர்பெட்டியின் மேல் லேசாக வைத்து, மறுமுனையைக் காதோரம் ஒட்டிப் பிடியுங்கள். சீரான ரீங்காரம் வந்தால் நல்லது. சக்கரம் ஒரு சுற்று வரும்போதெல்லாம் ஒரு ‘டக்’ என்றால் ஆக்ஸில் கியரின் ஏதோ ஒரு பல்லில் பிசிறு. நல்ல வெளிச்சத்தில் லென்ஸ் வைத்துப் பாருங்கள், பித்தளைத் துணுக்கு ஒட்டியிருக்கும். பழைய டூத்பிரஷ்ஷால் தள்ளினால் போய்விடும். முன்னே போகும்போது சத்தமில்லாமல், பின்னே வரும்போது மட்டும் கரகரத்தால் வார்ம் ஷாப்ட் முன்னும் பின்னும் ஆடுகிறது. அதைப் பிரிக்காமல் செய்தவருக்கே எழுதுங்கள். எந்தத் திசையில், எத்தனை வோல்ட்டில், பாரத்தோடா வெறுமனேயா என்று மூன்றையும் குறிப்பிட்டால் அவர் சரியான வாஷரை அனுப்பிவைப்பார்.