வாடகைக் கையெழுத்தும் சம்பளத்தில் பிடிக்காத வரியும்: சிங்கப்பூருக்குப் புதிதாக வருவோர் சறுக்கும் இடங்கள்

சிங்கப்பூருக்கு வேலைக்கு வருபவர்கள் முதல் இரண்டு வாரம் தெரிந்தவர் வீட்டில் ஒண்டிக்கொண்டு, மூன்றாவது வாரம் கிடைத்த வீட்டுக்குக் கையெழுத்துப் போட்டுவிடுகிறார்கள். பின்னால் வரும் தலைவலியில் பாதி அங்கேதான் தொடங்குகிறது.

தமிழ்க் கடைகள் நிறைந்த தேக்கா (லிட்டில் இந்தியா) பக்கத்தில்தான் இருக்க வேண்டும் என்று பிடிவாதம் பிடிக்காதீர்கள். கறிவேப்பிலையும் இட்லி மாவும் பேட்டைக் கடைகளிலேயே கிடைக்கும். அலுவலகத்துக்கு எத்தனை ரயில் மாற வேண்டும் என்பதைப் பாருங்கள். சாங்கி பிசினஸ் பார்க்கில் வேலை என்றால் தெம்பனிஸ் நல்ல இடம். டவுன்டவுன் தடத்தில் மூன்றாவது நிறுத்தமே எக்ஸ்போ.

வீவக (அரசின் வீடமைப்பு வளர்ச்சிக் கழகம்) வீடோ அறையோ 6 மாதத்துக்குக் குறைவாக வாடகைக்கு விடக் கூடாது. தனியார் வீட்டுக்கு 3 மாதம். "ரெண்டு மாசம் இருந்து பாருங்க, பிடிச்சா தொடரலாம்" என்று உரிமையாளர் சொன்னால், அது சலுகை அல்ல, சட்டமீறல். வீவக அனுமதி வாங்கியிருக்கிறாரா என்று கேளுங்கள். முகவரின் பதிவு எண்ணை அரசுப் பதிவேட்டில் சரிபாருங்கள். வீவக வீட்டு வாடகைப் பணத்தை முகவர் கையால் வாங்கவே கூடாது. வீட்டைப் பார்க்கும் முன்பே முன்பணம் கேட்டால் பேச்சை அங்கேயே முடித்துக்கொள்ளுங்கள்.

ஒப்பந்தத்தில் முக்கியமானது டிப்ளமேட்டிக் கிளாஸ் (diplomatic clause), அதாவது வேலை போய் நாடு திரும்ப நேர்ந்தால் ஒப்பந்தத்தை முன்கூட்டியே முடித்துக்கொள்ள இடம் தரும் விதி. வேலை போனால் எம்ப்ளாய்மெண்ட் பாஸும் (வெளிநாட்டவருக்கான வேலை அனுமதி) போகும். அதன்பின் பொதுவாக 30 நாள்தான் இங்கே தங்க முடியும். இந்த விதி இல்லாவிட்டால், ஊருக்குத் திரும்பிய பிறகும் மிச்ச மாத வாடகை உங்கள் தலையில் விழும். இரண்டாண்டு ஒப்பந்தங்களில் வழக்கமாக 12 மாதம் கழித்து, 2 மாத அறிவிப்பு கொடுத்து வெளியேறலாம். அதாவது குறைந்தது 14 மாத வாடகை. உரிமையாளர் முகவருக்குக் கொடுத்த தரகில் ஒரு பங்கை உங்களிடம் கேட்கும் வாசகமும் பெரும்பாலும் அதன் கீழேயே இருக்கும். ஓராண்டு ஒப்பந்தத்தில் இந்த விதியைப் பலர் தருவதில்லை. கேட்டுப் பார்ப்பதில் நட்டமில்லை.

முத்திரை வரி வாடகைக்காரர் செலவு: மொத்த வாடகையில் 0.4 விழுக்காடு. மாதம் 1,200 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) அறைக்கு ஓராண்டுக்கு 57 வெள்ளி. கையெழுத்திட்ட 14 நாளுக்குள் கட்ட வேண்டும். ஏசியை மூன்று மாதத்துக்கு ஒருமுறை சர்வீஸ் செய்யும் பொறுப்பும் பெரும்பாலும் உங்களுடையதே. ரசீதை எறிந்துவிட்டால் காலி செய்யும் நாளில் முன்பணத்தில் கை வைப்பார்கள். குடிபோகும் அன்றே சுவர், மெத்தை, குழாய் எல்லாவற்றையும் படமெடுத்து உரிமையாளருக்கு அனுப்பிவிடுங்கள்.

அறை விளம்பரத்தில் "லைட் குக்கிங்" என்று இருந்தால் நம் ஊர் அர்த்தத்தில் எடுத்துக்கொள்ளாதீர்கள். நூடுல்ஸ் வேகவைப்பது சரி, மீன் வறுப்பது கூடாது என்று நினைக்கும் வீட்டுக்காரர்கள் உண்டு. தாளிக்கலாமா, எந்த நேரத்தில் அடுப்பு கிடைக்கும் என்பதை வெளிப்படையாகக் கேட்டு ஒப்பந்தத்திலேயே எழுதிக்கொள்ளுங்கள். வாட்ஸ்அப்பில் போட்ட கட்டைவிரல் படம் பிறகு உதவாது.

அடுத்த சறுக்கல் வரி. ஊரில் சம்பளத்திலேயே பிடித்துக்கொள்வார்கள். இங்கே மாதாமாதம் வரி எதுவும் பிடிப்பதில்லை. பாஸில் இருப்பவர்களுக்கு மசேநிதியும் (மத்திய சேம நிதி, நம் ஊர் பி.எஃப். போன்றது) கிடையாது. கைக்கு வருவது முழுவதும் நம்முடையது என்று ஊருக்கு அனுப்பிவிட்டால், அடுத்த ஆண்டு வரிக் கடிதம் வரும்போது திண்டாட்டம். வரிக் கணக்கில் நீங்கள் வசிப்பாளராக இருந்து, வரிக்குரிய வருமானம் 80,000 வெள்ளி என்றால் வரி 3,350 வெள்ளி. கிரோவில் (வங்கிக் கணக்கிலிருந்து தானாகப் பிடித்துக்கொள்ளும் முறை) 12 தவணையாக வட்டியில்லாமல் கட்டலாம். மாதம் சுமார் 280 வெள்ளியை முதல் சம்பளத்திலிருந்தே தனியாக வையுங்கள். வேலையை விட்டு நாடு திரும்பும்போது, வரிக் கணக்கு தீரும்வரை முதலாளி உங்கள் கடைசிச் சம்பளத்தை நிறுத்திவைக்க வேண்டும் என்பது சட்டம். விமான டிக்கெட்டுக்கு அந்தப் பணத்தை நம்பாதீர்கள்.

மின்சாரம் 230 வோல்ட், அதனால் ஊர் மிக்ஸி ஓடும். ஆனால் இங்குள்ள பிளக்கின் மூன்று கால்களும் செவ்வகம், அடாப்டர் வேண்டும். பெட்டி கட்டும்போது அம்மா குருமாவுக்கென்று கசகசா வைத்தால் எடுத்துவிடுங்கள். இங்கே அது தடைசெய்யப்பட்ட பொருள். மெல்லும் புகையிலையும் மின்சிகரெட்டும் அப்படியே.