ஊட்டிக்குப் பூப் பார்க்கப் போகிறவர்கள் செய்யும் தவறுகள்

சித்திரையில் சமவெளி கொதிக்கத் தொடங்கும்போதுதான் நீலகிரியில் பூக்காலம் உச்சத்துக்கு வருகிறது. பள்ளி விடுமுறையும் அப்போதே வருவதால் குடும்பம் குடும்பமாக ஊட்டிக்குக் கிளம்புகிறோம். போய் வந்தவர்களிடம் விசாரித்தால் பாதிப் பேர் கூட்டத்தைப் பற்றியும் வண்டி நெரிசலைப் பற்றியும்தான் பேசுகிறார்கள். பூவைப் பற்றிக் கேட்டால் "நல்லா இருந்துச்சு" என்பதோடு சரி. அவ்வளவு அழகான தாவரவியல் பூங்காவைப் பார்த்துவிட்டு இப்படித் திரும்புவது எனக்கு வருத்தமாக இருக்கிறது. பெரும்பாலும் நாளையும் நேரத்தையும் தவறாகத் தேர்ந்தெடுப்பதால்தான் இப்படி ஆகிறது.

முதல் தவறு, மலர்க் காட்சி நடக்கும் நாட்களிலேயே போயாக வேண்டும் என்று நினைப்பது. ஊட்டி மலர்க் காட்சி 1896-இல் தொடங்கியது, இப்போதும் ஆண்டுதோறும் மே மாதத்தில் நடக்கிறது. அதில் கூட்டம் மொய்ப்பது பெரும்பாலும் கொய்மலர்களால் செய்த உருவங்களைச் சுற்றித்தான். கார்னேஷன், சாமந்தி, ரோஜா என்று பறித்த பூக்களை லட்சக்கணக்கில் அடுக்கிக் கோபுரமும் விலங்கும் செய்வார்கள். உழைப்பு பெரிது, பார்க்கவும் நன்றாகத்தான் இருக்கும். ஆனால் செடியில் பூத்து நிற்கும் பூ வேறு. மலர் மாடத்தில் அடுக்கியிருக்கும் பல்லாயிரம் தொட்டிகளும், பாத்திகளில் நிறைந்திருக்கும் பெட்டுனியா, பேன்சி, சால்வியா, மேரிகோல்டு, டேலியா எல்லாமும் அந்தச் சில நாட்களுக்கு மட்டும் பூத்துவிட்டு உதிர்ந்துவிடுவதில்லை. குளிர்காலத்திலேயே விதைத்து, நாற்றெடுத்து, உறைபனியில் கருகாமல் இருக்கக் கோத்தகிரி மிலார் செடியால் மூடிக் காத்து, ஏப்ரல் மே முழுவதும் பூக்கும்படி வளர்க்கிறார்கள். காட்சிக்கு ஒரு வாரம் முன்பு போனாலும் சரி, முடிந்து ஒரு வாரம் கழித்துப் போனாலும் சரி, செடிகளில் பூ இருக்கும். நெரிசலும் குறைந்திருக்கும்.

கைக்குழந்தையோ வயதான பெற்றோரோ கூட வந்தால் காட்சி நாட்களைத் தவிர்த்துவிடுங்கள் என்றுதான் சொல்வேன். அந்தக் கூட்டத்தில் ஐந்து வயதுப் பிள்ளைக்குக் கண்ணில் படுவது பெரியவர்களின் முதுகு மட்டும்தான். விடுமுறையை மாற்ற முடியும் என்றால் இரண்டாம் சீசனையும் யோசியுங்கள். செப்டம்பர், அக்டோபரிலும் பூங்காவில் புது நடவு பூத்திருக்கும்.

அடுத்தது நேரம். மேட்டுப்பாளையத்திலிருந்து காலையில் மெதுவாகக் கிளம்பி, வழியில் டிபன் சாப்பிட்டு, பதினொரு மணிக்குப் பூங்கா வாசலில் வந்து நிற்கிறவர்கள்தான் அதிகம். அந்த நேரத்துக்குத்தான் மற்ற எல்லோரும் வருகிறார்கள். மலைப்பகுதியில் ஏப்ரல், மே மாதங்களில் மத்தியானத்துக்கு மேல் திடீரென்று இடியுடன் மழை இறங்குவதும் சகஜம். முந்தைய நாளே மலை ஏறித் தங்கி, காலையில் கதவு திறந்ததும் உள்ளே போவதுதான் உத்தமம். இதழ்களில் பனித்துளி காய்ந்திருக்காது, வெயில் சாய்வாக விழும்போது நிறங்கள் வெளிறித் தெரியாது. படம் எடுக்கிறவர்களுக்கு இதைவிட நல்ல வெளிச்சம் கிடைக்காது.

மலை ஏறுவதற்கு முன் இ-பாஸ் எடுக்க மறந்துவிட்டுச் சோதனைச்சாவடியில் கைப்பேசியை நோண்டுகிறவர்களை இன்னும் பார்க்க முடிகிறது. சென்னை உயர் நீதிமன்ற உத்தரவின்படி 2024 மே 7 முதல் நீலகிரிக்கும் கொடைக்கானலுக்கும் இ-பாஸ் நடைமுறை வந்தது. 2025 கோடையில் நீலகிரிக்கு வார நாட்களில் 6,000 வண்டிகள், வாரக் கடைசியில் 8,000 என்று வரம்பும் வைத்தார்கள். அதனால் தேதி முடிவானதும் முதல் வேலையாக அந்த ஆண்டின் விதி என்ன என்று பார்த்துப் பாஸைப் பதிவு செய்துவிடுங்கள். அரசுப் பேருந்தில் போனால் இந்தக் கவலையே இல்லை. சீசனில் குன்னூர் வழியாக ஏற்றி, கோத்தகிரி வழியாக இறக்குவது போன்ற ஒருவழி ஏற்பாடுகளும் வழக்கம். திரும்பும் வழி மாறும், நேரம் கூடும் என்று கணக்கு வைத்துக்கொள்ளுங்கள். கொண்டை ஊசி வளைவுகளில் பிள்ளைகளுக்குக் குமட்டும், வயிறு நிறையச் சாப்பிட வைத்து ஏற்றாதீர்கள்.

பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டிலும் வேண்டாம். நீலகிரியில் ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக்குக்குத் தடை உண்டு, சோதனையில் பிடுங்கிக்கொள்வார்கள், அபராதமும் போடுவார்கள். வீட்டிலிருந்து எவர்சில்வர் பாட்டில் எடுத்துப்போனால் குடிநீர் ஏடிஎம்களில் நிரப்பிக்கொள்ளலாம்.

உடை விஷயத்தில் இரண்டு பக்கமும் தவறு நடக்கிறது. கோடைதானே என்று ஸ்வெட்டர் இல்லாமல் வருகிறவர்கள் சாயங்காலம் நடுங்குகிறார்கள். குளிர்தானே என்று தொப்பி இல்லாமல் நடக்கிறவர்களுக்கு மத்தியானத்துக்குள் முகம் சிவந்துவிடுகிறது. கடல் மட்டத்திலிருந்து சுமார் 2,240 மீட்டர் உயரத்தில், காற்று குளிர்ந்திருந்தாலும் வெயில் சுடும். ஸ்வெட்டர், தொப்பி, குடை மூன்றும் பையில் இருக்கட்டும்.

சரி, உள்ளே போய்விட்டோம். தாவரவியல் பூங்கா தட்டையான இடம் இல்லை என்பதை மறந்துவிடுகிறோம். தொட்டபெட்டா மலையின் அடிச்சரிவில் சுமார் 55 ஏக்கரில் படிப்படியாக மேலே ஏறும் இடம் அது. 1848-இல் வில்லியம் கிரஹாம் மெக்ஐவர் வந்து சதுப்பும் சரிவுமாகக் கிடந்த நிலத்தைத் திருத்தி அமைத்தார். முட்டி வலி உள்ள பெரியவர்களை "இன்னும் கொஞ்சம் மேலே" என்று இழுத்துக்கொண்டே போவது பெரிய கொடுமை. அவர்களுக்குக் கீழ்ப்பகுதியே போதும், பெரிய புல்வெளியும் பாத்திகளும் அங்கேயே இருக்கின்றன. உட்கார நல்ல இடம் பார்த்துக் கொடுத்துவிட்டு, மற்றவர்கள் மேலே போய் வரலாம். எங்கே, எத்தனை மணிக்குச் சந்திப்பது என்பதை முன்பே பேசிக்கொள்ளுங்கள். சின்னப் பிள்ளைகளின் சட்டைப் பையில் கைப்பேசி எண்ணை எழுதி வைப்பதும் நல்லது.

ஆனால் நடக்க முடிந்தவர்கள் புல்வெளியோடு திரும்பிவிடுவது அதைவிட வருத்தமான தவறு. கண்ணாடி மாளிகைக்குள் சைக்ளமன், பிகோனியா, சினரேரியா போன்ற மென்மையான வகைகள் இருக்கும், அவசரமில்லாமல் நின்று பாருங்கள். இத்தாலியன் பூங்கா பகுதியை இங்கே வைக்கப்பட்டிருந்த இத்தாலியப் போர்க் கைதிகள் அமைத்ததாகச் சொல்வார்கள். 2 கோடி ஆண்டு பழமையானது என்று குறித்து வைத்திருக்கும் கல்மரம் ஒன்று கிடக்கிறது. குரங்கும் ஏற முடியாதபடி கூரான இலைகள் கொண்ட மரமும் இருக்கிறது. பூவில் ஆர்வம் காட்டாத பிள்ளைகள்கூட இந்த இரண்டுக்கும் முன்னால் நின்றுவிடுவார்கள். மேலே தோடர் பழங்குடியினரின் குடியிருப்பான மந்து இருக்கிறது. அங்கிருக்கும் மக்களைக் கேட்காமல் படம் எடுக்காதீர்கள். அவர்களின் சிவப்பு, கறுப்பு எம்பிராய்டரிக்கு 2013-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. பிடித்திருந்தால் ஒன்று வாங்கலாம்.

பாத்திக்குள் இறங்குவதைப் பற்றிக் கொஞ்சம் அழுத்தமாகவே சொல்ல வேண்டும். பிள்ளையைப் பூக்களுக்கு நடுவில் உட்கார வைத்துப் படம் எடுத்தால் அழகாக இருக்கும் என்று எல்லோருக்கும் தோன்றும். "ஒரு நிமிஷம்தானே" என்பார்கள். காலடி பட்ட ஈர மண் இறுகிவிடும், வேருக்குக் காற்றும் தண்ணீரும் சரியாகப் போகாது. ஒடிந்த தண்டு அந்த சீசனுக்குள் தேறி வருவதும் சந்தேகம். தோட்டக்காரர்கள் மாதக்கணக்கில் வளர்த்த செடி அது. ரோஜாவைக் கையால் பிடித்து இழுத்து மோந்து பார்ப்பதும் இப்படித்தான். விரல் பட்டுக் கசங்கிய இதழ் ஓரத்தில் பழுப்பாகிவிடும், பின்னால் வருகிறவர்களுக்கு அந்தப் பழுப்புதான் மிச்சம். "கையால பாக்காதே, கண்ணால பாரு" என்று வீட்டில் சொல்வோமே, அதை வாசலிலேயே ஒருமுறை சொல்லிவிட்டால் பிள்ளைகள் கேட்டுக்கொள்வார்கள். பெரும்பாலும் பெரியவர்கள்தான் கேட்பதில்லை. காட்சிக்கு முன்பு சில நாட்கள் புல்வெளியை மூடி வைத்திருந்தால் கயிற்றைத் தாண்டாதீர்கள். புல் தழைப்பதற்காகத்தான் மூடுகிறார்கள்.

ஒரே நாளில் தாவரவியல் பூங்கா, ரோஜா பூங்கா, படகு இல்லம், தொட்டபெட்டா, குன்னூர் எல்லாவற்றையும் முடிக்க நினைத்தால் நாளின் பெரும்பகுதி வண்டிக்குள் போய்விடும். காலையில் தாவரவியல் பூங்கா, சாப்பிட்டுவிட்டு ரோஜா பூங்கா, அவ்வளவு போதும். நூறாவது மலர்க் காட்சியின் நினைவாக 1995-இல் அமைத்த ரோஜா பூங்காவில் ஆயிரக்கணக்கான ரகங்கள் இருக்கின்றன. அதற்கு 2006-இல் உலக ரோஜா சங்கங்களின் கூட்டமைப்பு சிறந்த பூங்கா விருது கொடுத்தது. குளிர்காலத்தில் கிளைகளை வெட்டிக் கவாத்து செய்த செடிகள் கோடையில் ஒன்றாகப் பூத்துத் தள்ளும். சரிவில் அடுக்கடுக்காக இறங்கும் இடம் என்பதால், இறங்கியதை எல்லாம் திரும்ப ஏற வேண்டும் என்று பெரியவர்களிடம் முன்பே சொல்லிவிடுங்கள். குன்னூர் சிம்ஸ் பூங்காவுக்கு மறுநாள் காலை ஒதுக்குங்கள். 1874-இல் உருவான அமைதியான இடம், பழமையான மரங்களுக்காகவே போகலாம். குன்னூர்ப் பக்கம் காட்டெருமைகள் ஊருக்குள் நடமாடும். கண்ணில் பட்டால் படம் எடுக்கக் கிட்டே போகாமல் விலகி வந்துவிடுங்கள்.

பூங்காவுக்குள் குறிஞ்சி எங்கே என்று தேடுவதும் வீண். நீலக்குறிஞ்சி மலைச்சரிவுப் புல்வெளிகளில் 12 ஆண்டுக்கு ஒருமுறை பூப்பது. 2018-இல் பெருமளவில் பூத்தது.

கடைசியாக, திரும்பும்போது செடி வாங்குவது. ஹைட்ராஞ்சியா, சைக்ளமன், ஃபியூஷியா தொட்டிகளைப் பார்த்ததும் ஆசை வரும். ஆனால் இவை குளிர்ந்த இரவு கேட்கும் செடிகள், மே மாதத்தில் மதுரைக்கோ சென்னைக்கோ கொண்டுபோனால் சில நாட்களில் வாடிவிடும். பெட்டுனியா, சால்வியா, டேலியா போன்றவற்றை ஊரில் வளர்க்க ஆசைப்பட்டால் விதையை வைத்திருந்து, மழை ஓய்ந்து வெயில் தணியும் நாட்களில் நாற்று விடுங்கள். தை, மாசியில் மாடியில் பூக்கும்.